காப்பு பச்சையில் இருக்கிறது

செத்துப்போனவர் கையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதனால் அவர் சாகவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

நான் நெஞ்சு நோய் மருத்துவர். ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. பெயர் பூங்கோதை. பெயரை நம்பி வருகிறவர்கள் என் வாயைக் கேட்டதும் ஓரடி பின்வாங்குவார்கள். அன்று காலை அந்தத் தறிப்பட்டறைக்காரரை வேனிலிருந்து இறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கை மடங்கவில்லை. முதுகில் ரத்தம் தேங்கிக் கறுத்திருந்தது. இதைச் சொல்ல டாக்டருக்குப் படித்திருக்கவே வேண்டாம்.

"எப்பவோ போயிட்டாருங்க. தூக்கத்துலயே போயிருக்கோணும்," என்றேன்.

அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங் டாக்டரு, கண்ணு தெரியலீங்களா? பச்சை எரியுது பாருங்க." புருஷன் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள். கையோடு உடம்பு முழுவதும் அசைந்தது. மணிக்கட்டுப் பட்டையில் பச்சை, பளிச்சென்று, கோயில் சீரியல் பல்பு மாதிரி எரிந்தது.

"அது வெறும் லைட்டுங்க, அம்மிணி. நம்பாட்டி மூக்குல விரல வெச்சுப் பாருங்க."

அவ்வளவுதான். "உசுரோட இருக்கற மனுசன் மூக்குல விரல வெக்கச் சொல்றீங்களே, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதுங்களா?" என்று கத்தினாள். எங்கள் பக்கத்தில் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பது பிணத்துக்கு மட்டும்தான். மூச்சுள்ளவனுக்கு வைத்தால் அவன் ஆயுசுக்கு நாள் குறித்த மாதிரி. கூட வந்தவர்கள் வேறு டாக்டர் இல்லையா என்றார்கள். கடைசியில் அந்த உடம்பை வேனில் ஏற்றி வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் தலை ஆடாமல் இருக்க அந்தப் பெண் மடியில் தாங்கிக்கொண்டாள். பின்கதவைச் சாத்தும்வரை உள்ளே பச்சை தெரிந்தது.

அதே பட்டை என் தம்பி தரணியின் கையிலும் இருந்தது.

இளம்பனியைத் தெரியாதவர்கள் இப்போது இருக்க முடியாது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குழல். வாயில் வைத்து இழுத்தால் மார்கழி விடியலில் குளித்துவிட்டு நின்ற மாதிரி உடம்பு லேசாகிவிடுமாம். படபடப்பு போகும், கவலை போகும். வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை, மறுநாள் தலைவலி இல்லை. சாராயக் கடைக்கு எதிரே மறியல் செய்தவர்கள்கூட இதற்குத் தலையாட்டினார்கள். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பக்கத்தில் இதையும் போட்டுக் கொடுக்கிறார்கள். விளம்பரத்தில் ஒரே ஒரு வரிதான் வரும்: 'பாதுகாப்பானது என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் காப்பு சொல்கிறது.'

காப்பு என்பது குழலோடு இலவசமாக வருகிற பட்டை. மூச்சையும் நாடியையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் சரி என்றால் பச்சை. ஆபத்து என்றால் சிவப்பு. சிவப்பு எரிந்த உடனே ஆம்புலன்ஸ் தானாகப் புறப்பட்டுவிடும். கோடிக்கணக்கான கைகளில் கட்டியிருக்கிறோம், கடைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கையில்கூடச் சிவப்பு எரிந்ததில்லை என்பது கம்பெனியின் பெருமை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? ஆனால் மதியை ஓரங்கட்டுகிற வித்தை அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. எமகாதகர்கள். டப்பாவுக்குள் பட்டையோடு ஒரு மஞ்சள் துண்டையும் குங்குமப் பொட்டலத்தையும் வைத்தார்கள். பெற்றவள் கையால் கட்ட வேண்டும், ஒரு மண்டலம் கழற்றக் கூடாது, அத்தனை நாள் கையில் இருந்தால்தான் காப்பு ஆளைப் பழகும் என்று அச்சடித்தார்கள்.

எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டினால் நோம்பி முடியாமல் கழற்ற மாட்டார்கள். ஊர் எல்லையைத் தாண்டவே மாட்டார்கள். என் அம்மா ருக்மணிக்கு அந்த டப்பாவைப் பார்த்ததும் கோயில்தான் ஞாபகம் வந்தது. கோபிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில், தரணியைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, மஞ்சள் பூசிக் கட்டிவிட்டாள்.

"இதென்ன கருமம்? போதைக்கு மஞ்சள் பூசறீங்க," என்று நான் அப்போதே எரிந்து விழுந்தேன்.

"நீ சும்மா இரு கண்ணு. மாட்டுத்தீவனக் கடைய வெச்சுக்கிட்டு அவன் பட்ட பாடு உனக்கென்ன தெரியும்? நெஞ்சு படபடங்குதுன்னு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருவான். இப்பத்தான் மனுசனாட்டத் தூங்கறான். யாரு மேலயும் வள்ளுனு உழுகறதில்ல. பச்சை எரியற வரைக்கும் எனக்கொரு பயமும் இல்ல."

தரணி சிரித்தான். "அக்கா, உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் நோவு சீக்குத்தான். ஒருக்கா இழுத்துப் பாருங்க, நீங்களும் கத்தறத உட்டுருவீங்க." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

வேன் போனதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். தரணி காலைச் சோறு உண்டுவிட்டு ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறான் என்றாள்.

"எழுப்புங்க."

"எதுக்கு? தூங்கறவன எழுப்பற பழக்கம் இந்த வீட்ல இல்ல. பச்சைதான் எரியுது." போனை வைத்துவிட்டாள்.

காரை எடுத்தேன். போகிற வழியிலேயே ஜெபராஜைப் பிடித்தேன். கோபியில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கோயம்புத்தூரில் அந்தக் காப்பைச் செய்கிற குழுவில் இன்ஜினியர். காலையில் பார்த்ததைச் சொன்னேன்.

"ஏன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா? செத்தவன் கையில எப்படிடா பச்சை எரியும்?"

"வண்டிய ஓரமா நிறுத்திட்டுப் பேசு பூங்கோதை."

"நிறுத்த நேரமில்ல. சொல்லு."

"மொதல்ல செஞ்ச பட்டை நல்ல பட்டைதான்," என்றான். "சோதனை பண்ணும்போது யாரு இழுத்தாலும் சிவப்பு எரிஞ்சுது. அந்த மருந்து மூச்சக் குறைக்குது, அதனால எரிஞ்சுது. சிவப்பைப் பாத்தா எவன் வாங்குவான்? சரி, ஆளுக்கு ஆள் மூச்சு வேற வேறதான, எல்லாத்துக்கும் ஒரே அளவு வேண்டாம், கட்டினவரோட வழக்கத்தையே அளவா வெச்சுக்கோன்னு மாத்தச் சொன்னாங்க. மாத்தினோம்."

"அப்படின்னா?"

"நேத்து எப்படி மூச்சு விட்டாரோ, இன்னிக்கும் ஏறக்குறைய அப்படியே விட்டா பச்சை. இன்னிக்குத் துளி குறைஞ்சா, நாளைக்கு அதுதான் அவரு வழக்கம். நாளன்னைக்கு இன்னும் துளி குறையும். காப்பும் கூடவே எறங்கும். திடீர்னு மாறினாத்தான் அது கத்தும். இது திடீர்னு மாறாது."

"மூச்சுத் திணறினா ஆளுக்குத் தெரியாதா? எந்திரிச்சு உக்கார மாட்டானா?"

"திணறல்னு மூளைக்குச் சொல்ற இடத்தைத்தான் அந்த மருந்து அமத்துது. அந்த சுகமே அதுதான். நீ டாக்டரு, உனக்குத் தெரியாததா?"

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். மூச்சுக்கு அழ வேண்டிய உடம்பின் வாயைப் பொத்திவிட்டு, பிள்ளை எவ்வளவு சமர்த்து பாருங்கள் என்று விற்றிருக்கிறார்கள்.

"மூச்சு நின்னே போனா? அது திடீர் மாத்தம்தான?"

"குளிக்கறப்ப பட்டை நகந்தாக்கூட சிவப்பு எரியும்னு பயந்தாங்க. அதனால கையிலிருந்து ஒண்ணும் வரலைன்னா, கடைசியா இருந்த நெறத்தையே காட்டும். பேட்டரி தீர்ற வரைக்கும்."

"உன்ற பையனுக்குக் கட்டியிருக்கியா ஜெபா?"

"எங்க ஆபீஸ்ல யாரும் அவங்க புள்ளைங்களுக்குக் கட்டலை," என்றான்.

அவனை என்னவெல்லாமோ திட்டினேன். அச்சில் போட முடியாது.

வீட்டு வாசலில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தரணி கட்டிலில் மல்லாந்து கிடந்தான். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது அந்தப் பச்சையைப் பார்த்துக்கொள்வாள். பால் பொங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி.

"சத்தம் போடாத, தூங்கறான்."

அவன் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். அம்மா பளாரென்று என் கையில் அடித்தாள்.

"அட கருநாக்கி! கூடப் பொறந்தவன் மூக்குல விரல வெக்கறியே, நீயெல்லாம் ஒரு அக்காளா?"

நான் விரலை எடுக்கவில்லை. ஒரு மூச்சு வந்தது, மெல்ல. பிறகு ஒன்றுமில்லை. அம்மா திட்டிக்கொண்டே ஒரு மொச்சையை உரித்துப் போட்டாள். இன்னொன்றை உரித்தாள். அதற்கடுத்ததையும் உரித்தாள். அப்போதும் என் விரலில் ஒன்றும் படவில்லை. "தரணி!" என்று அலறிக் கன்னத்தில் அறைந்தேன். தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. முகத்தில் சிரிப்பு கலையாமல் இருந்தது.

தரையில் இழுத்துப் போட்டு வாயோடு வாய் வைத்து ஊத ஆரம்பித்தேன். ஒரு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். இப்போதெல்லாம் அதை மனுஷன் எடுப்பதில்லை.

"வணக்கம். உங்கள் இருப்பிடத்தில் ஒரு காப்பு உள்ளது. காப்பு பச்சையில் இருக்கிறது. நோயாளி பாதுகாப்பாக இருக்கிறார். அவரை ஓய்வெடுக்க விடுங்கள்."

"நான் டாக்டர் பேசறேன்! மூச்சு நின்னுட்டிருக்கு!"

"பதற்றம் இயல்பானது. காப்பு பச்சையில் இருக்கிறது. வண்டிகள் சிவப்புக்கு மட்டுமே அனுப்பப்படும்."

நாசமாய்ப் போகிற இயந்திரம். அதோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது? காரில் போட்டுக் கொண்டுபோகலாம் என்றால் நான் ஓட்ட வேண்டும். நான் ஓட்டினால் இவனுக்கு யார் ஊதுவது? அம்மாவுக்கு இரண்டுமே தெரியாது. பக்கத்து வீடுகளில் எல்லோரும் மில்லுக்குப் போயிருந்தார்கள். ஊதினேன். மார்பு எழுந்து தாழ்ந்தது. மறுபடி ஊதினேன். அப்போதுதான் ஜெபராஜ் சொன்னது மண்டையில் உறைத்தது. திடீர்னு மாறினாத்தான் அது கத்தும்.

"அம்மா, அந்தக் காப்பக் கழட்டி உங்க கையில கட்டுங்க."

அம்மா முறத்தோடு அப்படியே நின்றாள். "மண்டலம் முடியலையே. நடுவுல கழட்டினா ஆத்தா சும்மா உடுவாளா? எம் பையனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

எனக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. கத்தினால் வேலைக்கு ஆகாது. ஊதிவிட்டு நிமிர்ந்தேன். "சரி, கழட்ட வேண்டாம். இங்க வாங்க. அவன் மூக்குல விரல வெய்யுங்க. நான் ஊதறத நிறுத்தறேன். உங்க விரல்ல ஒரு மூச்சுப் பட்டாக்கூடக் கழட்ட வேண்டாம்."

"மாட்டேன். நான் பெத்தவ."

"பெத்தவதான் வெக்கோணும். வெய்யுங்கம்மா!"

அம்மா மண்டியிட்டாள். மொச்சைக் கறை படிந்த ஆள்காட்டி விரலை மெல்லக் கொண்டுபோனாள். நான் ஊதவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு கொடூரமான காரியம் எதையும் நான் செய்ததில்லை. அம்மா விரலைப் பார்த்தாள், எரிகிற பச்சையைப் பார்த்தாள், மறுபடி விரலைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் நான் குனிந்து ஊதினேன்.

"ஆத்தா, என்னைய என்ன வேணாப் பண்ணிக்கோ, அவன உட்டுரு," என்று சொல்லிக்கொண்டே அம்மா காப்பைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். தன் கையில் சுற்றி இறுக்கினாள்.

கொஞ்ச நேரம் பச்சைதான் எரிந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அழுகையும் பயமும் சேர்ந்து, உயிருள்ள எவருக்கும் வாங்குகிற மாதிரி. பிறகு பட்டை கீச்சென்று கத்தியது. சுவர், முறம், அம்மா முகம் எல்லாம் சிவப்பாயின.

"ஆபத்து. உங்கள் மூச்சு வழக்கத்தை மீறியுள்ளது. அசையாமல் படுங்கள். வண்டி புறப்பட்டுவிட்டது."

அம்மா பயந்து கையை உதறினாள். "எனக்கு என்ன ஆச்சு கண்ணு?"

"ஒண்ணும் ஆகலைம்மா. நீங்க மூச்சு விடறீங்க. அதுக்கு அதுதான் ஆபத்து."

வண்டி வரும்வரை ஊதினேன். வந்தவர்கள் முதலில் அம்மாவைத்தான் படுக்க வைக்கப் பார்த்தார்கள். அவர்களையும் திட்டித்தான் தம்பியைத் தூக்க வைத்தேன்.

தரணி பிழைத்துக்கொண்டான். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே குழாய் போட்டு, இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டு, பிறகு அவனே விட ஆரம்பித்தான். கண் விழித்ததும் பேசிய முதல் பேச்சு: "ஒண்ணுமே தெரியலீங்கக்கா. நெம்ப சுகமா இருந்துச்சு." நான் வெளியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்குள் கம்பெனியிலிருந்து பூங்கொத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள், வாய்நிறைய 'மேடம்' என்றார்கள். நாட்டிலேயே முதல்முறையாகச் சிவப்பு எரிந்த காப்பு எங்கள் வீட்டுக் காப்புதானாம். எரிந்தது, வண்டி வந்தது, உயிர் பிழைத்தது, எல்லாம் பதிவாகியிருக்கிறதாம். நான் நடந்ததைச் சொன்னேன். பத்திரிகைகளைக் கூப்பிட்டும் சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். சிவப்பு எரிந்தது உண்மைதானே டாக்டர், வண்டி வந்தது உண்மைதானே என்றார்கள். உண்மைதான்.

அடுத்த வாரம் பஸ் நிலையத்தில் பெரிய பலகை நின்றது. 'ஈரோட்டு இளைஞரின் உயிரைக் காத்தது காப்பு.' எங்கள் ஊர்க் கடைகளில் இளம்பனி தீர்ந்துபோய் ஆட்கள் கோயம்புத்தூருக்குப் போய் வாங்கினார்கள்.

ஜெபராஜ் கூப்பிட்டான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீயும் உங்கம்மாவும் செஞ்சத மேல கண்டுபிடிச்சுட்டாங்க பூங்கோதை. எல்லாக் காப்புக்கும் புது மாத்தம் அனுப்பிட்டாங்க. இனிமே கை மாத்திக் கட்டினா செவப்பு வராது."

"பின்ன என்ன வரும்?"

"பச்சைதான்."

தரணியை வீட்டுக்கு அனுப்புகிற நாள் மத்தியானம் அம்மாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு கீழே போனேன். நோயாளிகளோடு வந்தவர்கள் தங்குகிற பெரிய கூடம் அது. சாப்பாடு முடிந்து பாய் விரித்தும், நாற்காலியில் சாய்ந்தும், சுவரில் ஒட்டியும் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பின பக்கமெல்லாம் பச்சை.

அம்மா அவர்களுக்கு நடுவே குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொருவர் மூக்குக்குக் கீழேயும் விரலை வைப்பாள், காத்திருப்பாள், எடுப்பாள், அடுத்தவரிடம் போவாள். விழித்துக்கொண்ட ஒருவர் அவள் கையைத் தட்டிவிட்டு, "பைத்தியமா கிழவிக்கு?" என்று வைதார். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

தூணோரம் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் சாய்ந்து புருஷன் தூங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் லேசான சிரிப்பு. அம்மா அவனருகில் குனிந்து விரலை வைத்தாள்.

"எழுப்பீராதீங்க ஆத்தா," என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் நல்லாத் தூங்கறாரு. பச்சைதான் எரியுது, பாருங்க."

அம்மா பார்க்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. நான் அவளை நோக்கி ஓட ஆரம்பித்தேன்.